நாணமும் மருத்துவமும்

பாலூட்டும் தாயின் மார்பில் கட்டி தென்பட்டால், பால் கட்டியிருக்கிறது என்று ஒத்தடம் கொடுப்பதே கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் வீடுகளின் வழக்கம். பெரும்பாலும் அது உண்மையே. எங்கள் உறவில் 32 வயதுச் சகோதரி ஒருவருக்கோ அது புற்றுநோயாக இருந்தது. வெட்கத்தால் ஐந்து மாதம் கழிந்த பின்னரே வெளியில் சொன்னார்.

இளவயதில் மார்புத் திசு அடர்ந்திருப்பதால் மேமோகிராமில் கட்டி எளிதில் தெரிவதில்லை. அல்ட்ராசவுண்டும் திசுப் பரிசோதனையும் தேவைப்படும். ஹார்மோன் மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகையும் இவ்வயதினரிடம் அதிகம். கீமோதெரபி சினைப்பையைப் பாதிக்கக்கூடும்; மேலும் குழந்தை வேண்டுவோர் சிகிச்சை தொடங்குமுன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். கதிர்வீச்சோ வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள். கம்பத்திலிருந்து மதுரைக்கு அன்றாடம் போய்வர இயலுமா? உறவினர் மதுரையில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்தனர்; மாமியார் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அதனால்தான் சிகிச்சை இடையில் நிற்கவில்லை.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். ஒரு வீட்டின் துயரம் எண்ணற்ற வீடுகளுக்கு உதவியாயிற்று.

நாணத்தைப் போற்றும் நம் மார்க்கமே மருத்துவம் செய்துகொள்ளவும் பணிக்கிறது. பெண் மருத்துவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவரிடம் காட்டவும் அனுமதிக்கிறது. ஆகவே, கட்டி இரண்டு வாரத்தில் கரையாவிடில், க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நம் பெண்களை நாமே அழைத்துச் செல்வோம். அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபாவை நல்குவானாக.