மூடி திறக்கும் நேரம்

நம் வயதுக்காரர்கள் பலருக்கு ‘பென்டோ’ என்ற சொல் புதிதாக இருக்கலாம். ஜப்பானியர்கள் வெளியே போகும்போது கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டு டப்பாவுக்கு அந்தப் பெயர். ஒரே டப்பாவுக்குள் சோறு, முட்டை, காய், ஊறுகாய் என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கும். குழந்தைகளுக்காக அதையே கரடி முகம், முயல் காது என்று அலங்கரித்தால் ‘கியாராபென்’. யூடியூப் புண்ணியத்தில் இப்போது அது பசுமலைக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மருமகள் காலை நாலே முக்காலுக்கு எழுந்து மினி இட்லிக்கு மிளகில் கண் வைக்கிறாள்.

கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. யு.கே.ஜி. படித்தபோது என் பேத்தியின் டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு; டப்பா காலியாக வருகிறது. முதலில் சாப்பிடுவது கண்தான் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள். அது குழந்தைகள் விஷயத்தில் நூற்றுக்கு நூறு உண்மை. அளவு சிறிதாக இருப்பதும் ஒரு காரணம். பெரிய டப்பா நிறையச் சோற்றைப் பார்த்தாலே மலைத்துப்போகும் பிள்ளை, நாலு மினி இட்லியும் நாலு துண்டு கேரட்டும் என்றால் தைரியமாகக் கை வைக்கிறது.

பென்டோவுக்கு ஜப்பானியர்கள் ஐந்து நிறக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு. ஐந்தும் இருந்தால் சத்தும் ஏறக்குறைய தானாக அமைந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்கு நம் பெண்கள் எடுத்துப்போகும் சித்ரான்னம் வேறென்ன? தக்காளிச் சாதம் சிவப்பு, எலுமிச்சைச் சாதம் மஞ்சள், கறிவேப்பிலைச் சாதம் பச்சை, தயிர்ச் சாதம் வெள்ளை, எள்ளுச் சாதம் கறுப்பு. கணக்கு சரியாக இருக்கிறது. அவர்களிடம் மிக எளிய பென்டோவும் ஒன்று உண்டு. வெள்ளைச் சோறு, நடுவில் உப்பில் போட்ட சிவந்த பழம் ஒன்றே ஒன்று. பார்க்க அவர்கள் நாட்டுக் கொடி மாதிரி இருக்கும். நம் தயிர்ச் சாதத்தின் நடுவில் ஒரு மாவடு வைத்தால் அவ்வளவுதான்.

ஆனால் யூடியூபில் காட்டுவதை எல்லாம் மதுரை வெயிலில் செய்ய முடியாது. எட்டு மணிக்குக் கட்டியதைப் பிள்ளை பன்னிரண்டரைக்குத் திறக்கிறது. எங்கள் வீட்டில் பழகித் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்துச் சோறு நசநசத்துப் போகும். தட்டில் பரப்பி ஆறவைத்துத்தான் மூட வேண்டும். தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ச் சாதமும் கோடையில் மதியம் வரை தாங்காது. புளியோதரை தாங்கும்; நல்லெண்ணெய் விட்டுக் குழைத்த பொடி இட்லியும் தாங்கும். தயிர்ச் சாதத்துக்குப் பாலை நிறைய விட்டு ஒரு ஸ்பூன் தயிர் கலந்தால் மதியம் புளிக்காமல் இருக்கும். நிறத்துக்குக் கடைப் பவுடர் வேண்டாம். பீட்ரூட், கேரட், பசலைக்கீரை, மஞ்சள் போதும். நீலம் வேண்டுமென்றால் வேலியில் பூக்கும் சங்குப்பூவை வெந்நீரில் போட்டு அந்தத் தண்ணீரில் சோறு வடிக்கலாம். மலேசியாவில் அப்படிச் செய்கிறார்கள். திராட்சையை நீளவாக்கில் நறுக்கித்தான் வைக்க வேண்டும்; முழுசாக வைத்தால் சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அழகுக்காகப் பல்குச்சி குத்துவதும் ஆகாது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

போன மாதம் ஒருநாள் பேத்தி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: “தாத்தா, என் பக்கத்துல உட்கார்ற பொண்ணு இப்பல்லாம் டப்பாவே திறக்கறதில்ல.” ஏன் என்று கேட்டேன். “அவ தினமும் லெமன் ரைஸ்தான் கொண்டு வர்றா. எல்லாரும் சிரிக்கிறாங்க.” அந்தப் பெண்ணின் அம்மா ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர் என்று பிறகு தெரிந்தது. இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறவர் விடியற்காலையில் எழுந்து இட்லிக்குக் கண் வைப்பாரா? எலுமிச்சைச் சாதம் கிளறி அனுப்புவதே பெரிய காரியம். ஜப்பானிலும் இந்தத் தொல்லை உண்டு. போட்டியும் பொறாமையும் வருகிறது என்று கியாராபென்னே வேண்டாமென்று சொன்ன மழலையர் பள்ளிகள் அங்கே இருக்கின்றன.

எனக்கு என் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954-ல் கொடி மாறியது. எங்களுக்குப் பாடமொழி மாறவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் ‘கமெல்’ என்போம். பட்டாளத்துச் சிப்பாயின் தகரப் பாத்திரத்துக்குப் பிரெஞ்சில் உள்ள பெயர் அது. பிரெஞ்சு பென்ஷன் வரும் வீட்டுப் பையன்களின் கமெலில் ரொட்டியும் ஆம்லெட்டும் இருக்கும். மற்றவர்கள் பாத்திரத்தில் பழைய சோறும் சுட்ட கருவாடும். என் வரிசையில் ஒருவன் இருந்தான். பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்த்து எழுதாமல் இடது கையால் மறைப்போமே, அதே மாதிரி மூடியைப் பாதி நிமிர்த்தி வைத்துக்கொண்டு அதன் பின்னால் தின்பான். அறுபது வருஷம் ஆகிவிட்டது. மூடி மட்டும் தகரத்திலிருந்து பிளாஸ்டிக்காக மாறியிருக்கிறது.

இந்த மூடியே வேண்டாம் என்று யோசித்தவர்களும் நம் நாட்டில் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது. இங்கே 1956-ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 1989-ல் கருணாநிதி காலத்தில் முட்டை சேர்ந்தது. 2013-ல் ஜெயலலிதா காலத்தில் கலவைச் சாதமும் மசாலா முட்டையும் வரத் தொடங்கின: புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், கீரைச் சாதம், மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை. நிறக் கணக்கு போட்டுப் பாருங்கள், எந்தப் பென்டோவுக்கும் குறைச்சல் இல்லை.

காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கியது நம் மதுரையில்தான், சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா காலை ஆறு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். முன்பெல்லாம் அவர் மகன் டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவான். இப்போது அங்கே போய்ப் பொங்கல் சாப்பிடுகிறான். “புதன்கிழமைன்னா அவனை எழுப்பவே வேணாம்யா, தானா எந்திரிச்சுருவான்” என்றார் அவர். ‘சத்துணவு சாப்பிடுகிறவன்’ என்று ஏளனம் செய்த காலமும் இருந்தது; மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசை முழுக்க ஒரே பொங்கல் என்றால் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? தட்டுக்கு மூடி கிடையாது.

தனியார் பள்ளிக்கு அனுப்புகிற நாம் என்ன செய்யலாம்? மருமகளும் நானும் பேசினோம். இட்லிக்குக் கண் வைப்பதை அவள் நிறுத்திவிட்டாள், நிறத்தை நிறுத்தவில்லை. பீட்ரூட் பொரியலும் கேரட் துண்டும் போகின்றன, கரடி முகம் போவதில்லை. அவளுக்கும் அரை மணி நேரத் தூக்கம் மிச்சம். அவளும் எட்டரைக்கு வேலைக்கு ஓட வேண்டியவள்தானே. ராத்திரியே காய் நறுக்கி வைப்பது இப்போது என் பொறுப்பு. முப்பத்து நாலு வருஷம் கோப்பு தைத்த கைக்கு கேரட் நறுக்குவது கஷ்டமில்லை.

வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை, எங்கள் டப்பாவிலும் எலுமிச்சைச் சாதம்தான். பேத்தி முதலில் முகம் சுளித்தாள். இரண்டாவது வெள்ளிக்கிழமை வந்து சொன்னாள்: “அவளோடதும் என்னோடதும் மாத்திக்கிட்டோம் தாத்தா. அவங்க அம்மா வேர்க்கடலை நிறைய போடறாங்க. நம்ம வீட்லயும் போடச் சொல்லுங்க.”

போடச் சொல்லியிருக்கிறேன். வேர்க்கடலை வறுத்துத் தோல் நீக்கும் வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது. பேரப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுத் தாத்தாக்களே, சாயங்காலம் டப்பாவைத் திறந்து மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், பக்கத்தில் உட்காரும் பிள்ளை என்ன சாப்பிட்டது என்றும் கேளுங்கள்.