பாடத்தில் இல்லாத கேள்வி



மெல்பர்னில் மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும்தான் வேலை. போன சனிக்கிழமை மட்டும் ஒரு கார் பந்தயம் பார்க்கப் போனேன். "நம்ம சாரா, கார் பந்தயமா?" என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. கேளுங்கள், இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது.

கூட்டிப் போனவன் அரியலூரில் என்னிடம் பிளஸ் ஒன் இயற்பியல் படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவன் அப்பா சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி டிரைவர். அரியலூர்க்காரர்களுக்கு ஆறு சிலிண்டர் என்றால் லேலண்ட் லாரிதான் ஞாபகம் வரும். எந்த சிலிண்டர் எப்போது வெடிக்கும் என்பதை அப்பா அவனுக்கு வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுத்திருந்தார்: 1-5-3-6-2-4.

ஒருநாள் வகுப்பில் இயக்கச் சமன்பாடுகள் நடத்திக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து, "சார், லாரி முதல் கியர்ல இழுக்கிற மாதிரி நாலாவது கியர்ல இழுக்காதே. முடுக்கம் மாறிக்கிட்டே இருந்தா இந்தக் கணக்கு எப்படி சார் வரும்?" என்றான்.

எனக்குப் போர்ஷன் முடிக்கிற அவசரம். "பரீட்சையில முடுக்கம் மாறாதுடா. பாடத்துல இருக்கிறத மட்டும் கேளு. லாரிப் பட்டறைக்குப் போறதுன்னா இப்பவே போயிடு" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுக்க அவன் வேறு கேள்வி கேட்கவில்லை.

அவன் பாலிடெக்னிக் முடித்து, சில வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு, இப்போது மெல்பர்னுக்குப் பக்கத்தில் ஜீலாங்கில் இருக்கிறான். வேலை, லாரிப் பட்டறையில்தான். நன்றாக இருக்கிறான்.

அவன் கார் 2006-ஆம் வருடத்து ஃபோர்டு ஃபால்கன் எக்ஸ்ஆர்6 டர்போ. நான்கு லிட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். இந்த இன்ஜினை 'பாரா' என்கிறார்கள். பாரமுண்டி என்ற மீனின் பெயரிலிருந்து வந்ததாம். அது வேறொன்றுமில்லை, நம்மூர் கொடுவா மீன்தான்! அவன் குடியிருக்கும் ஜீலாங்கிலேயே இந்த இன்ஜினைச் செய்தார்கள். 2016 அக்டோபர் 7-ஆம் தேதியோடு ஃபோர்டு கம்பெனி ஆஸ்திரேலியாவில் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இதிலும் சிலிண்டர் வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. "அப்பா சொன்ன வாய்ப்பாடு சார்" என்றான்.

பழைய காராக வாங்கி, நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கொட்டகையில் வைத்துக் கட்டியிருக்கிறான். முதலில் அவசரப்பட்டு டர்போவின் அழுத்தத்தை மட்டும் கூட்டினானாம். வால்வு ஸ்பிரிங் அதைத் தாங்கவில்லை. வேகம் ஏறும்போது வால்வு சரியாக மூடாமல் இன்ஜின் திணறியது. அதன்பிறகு தாங்குகிற பாகங்களை முதலில் மாற்றினான்: கடினமான வால்வு ஸ்பிரிங், பெரிய பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். பிறகு கியர்பாக்ஸ், பிரேக், பின் டயர். எல்லாம் முடிந்த பிறகுதான் அழுத்தம். புதிதில் 14 விநாடி வாக்கில் ஓடுகிற காரை 12-க்குக் கொண்டுவர இவ்வளவு பாடு. அதே காரில்தான் வேலைக்கும் போகிறான், பிள்ளைகளையும் பள்ளியில் விடுகிறான்.

அவன் கூப்பிட்டபோது முதலில் வரமாட்டேன் என்றேன். காரணம் உங்களில் சிலருக்குத் தெரியும். திருச்சி–சென்னை நான்கு வழிச்சாலையில் சிறுவாச்சூர் தாண்டி, நண்பனோடு பந்தயம் கட்டி பைக் ஓட்டிய நம் பையன் ஒருவனை இழந்தோம். பெரம்பலூர் ஆஸ்பத்திரி வாசலில் அவன் அம்மா பக்கத்தில் நான் நின்றேன். அன்றிலிருந்து வேகம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது.

"அதுக்காகத்தான் சார் உங்களைக் கூப்பிடறேன். வந்து பாருங்க" என்றான்.

மெல்பர்னுக்கு வடக்கே ஹீத்கோட் என்ற ஊரில் ஓடுதளம். கால் மைல், அதாவது 402 மீட்டர். வளைவே கிடையாது, இரண்டு கார் பக்கத்துப் பக்கத்தில் நேராக ஓட வேண்டும். முதலில் காரைச் சோதிக்கிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் விடமாட்டார்கள். எதிரே யாரும் வரமுடியாது. முடிவுக்கோட்டைத் தாண்டி நிற்பதற்கென்றே நீளமான பாதை. ஓடுவதற்கு எவ்வளவு யோசித்திருக்கிறார்களோ அவ்வளவு நிற்பதற்கும் யோசித்திருக்கிறார்கள். நம் பையனுக்கு இதில் ஒன்றுகூட இல்லை.

பின் டயரைத் தரையில் தேய்த்துச் சூடேற்றினான். ரப்பர் சூடானால்தான் தரையைப் பிடிக்கும். பச்சை விளக்கு விழுந்தது. நான் மூச்சு விடுவதற்குள் கார் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டது.

திரும்பி வந்து ஒரு துண்டுச்சீட்டை என் கையில் கொடுத்தான். நேரம் 12.06 விநாடி. கடைசியில் வேகம் மணிக்கு 186 கிலோமீட்டர்.

வாத்தியார் புத்தி போகுமா? சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 402 மீட்டரை 12.06 விநாடியில் கடந்தால் சராசரி வேகம் மணிக்கு 120. முடுக்கம் மாறாமல் இருந்தால் கடைசி வேகம் அதன் இரண்டு மடங்கு, 240 வர வேண்டும். சீட்டில் 186. "தம்பி, மெஷின் தப்பா இருக்குமோ?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. சீட்டில் இன்னொரு வரியைக் காட்டினான். பாதித் தூரத்திலேயே வேகம் 148. மீதிப் பாதியில் கூடியது 38 மட்டும். "இன்ஜினோட திறன் ஒரு அளவுதான் சார். திறன்னா விசை பெருக்கல் வேகம். வேகம் ஏற ஏற, தள்ற விசை குறையும். காத்தும் எதிர்த்துத் தள்ளும். முடுக்கம் மாறிக்கிட்டே இருக்கும் சார்."

எனக்கு அந்த வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. "இதைத்தானேப்பா அன்னைக்குக் கேட்டே?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். மறக்கவில்லை.

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்க" என்று சொன்னேன். முப்பத்து நான்கு வருட சர்வீஸில் ஒரு மாணவனிடம் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவன் பதறிப்போய், "விடுங்க சார், வாங்க டீ சாப்பிடலாம்" என்றான். டீ குடித்தோம். அங்கேயே சீட்டில் வேகத்துக்கும் நேரத்துக்கும் ஒரு வரைபடம் போட்டு, சிறுசிறு துண்டாகப் பிரித்துப் பரப்பைக் கூட்டினால் தூரம் வரும் என்று காட்டினேன். வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் அன்றே காட்டியிருக்கலாம்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். பாடத்தில் இல்லாததை ஒரு பிள்ளை கேட்டால் உட்காரச் சொல்லிவிடாதீர்கள். தெரியாவிட்டால், "நாளைக்குச் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

வேக ஆசை உள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நம் இருங்காட்டுக்கோட்டையிலும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. பைக்குகளுக்கு டிராக் பந்தயம் அங்கேயும் நடக்கிறது. ஓட்டினால் அப்படிப்பட்ட இடத்தில் ஓட்டுங்கள். நான்கு வழிச்சாலை ஊருக்குப் போக மட்டும் இருக்கட்டும்.

அடுத்த மாதம் பெரம்பலூர் வந்துவிடுவேன். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்