கெர்லிங் சுடுநீரும் புகைவீட்டுக் கணக்கும்

ரவாங் என்றதும் பலருக்கு சிமெண்டு ஆலையும் சாலை நெரிசலும்தான் நினைவுக்கு வரும். மலாயாவில் முதன்முதலாக மின்சாரம் பார்த்த ஊர் இது. 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் நீர் இறைக்க மின்னாக்கியைக் கொண்டுவந்தார்கள். பத்துமலை முருகனுக்குக் கோயில் எழுப்பிய அதே பிள்ளைதான். சுரங்கத்தில் ஊறும் நீர் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. அப்படி ஓயாத வேலை இருக்கும் இடத்தில்தான் விலை கூடிய இயந்திரம் கட்டுபடியாகும்.

அந்த ஈயத்தைத் தந்த தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்தான் நமக்குச் சுடுநீரும் தருகிறது. இங்கே எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர் கீழே போனாலே சுமார் 25, 30 டிகிரி சூடு கூடும். அந்தச் சூட்டோடு நீர் மேலே வருகிறது. செலாயாங், உலு தாமு, கெர்லிங் என்று ரவாங்கைச் சுற்றியே மூன்று இடங்கள். நம்மவர்கள் பேச்சில் எல்லாமே 'ஆயர் பானாஸ்'.

பழைய சாலையில் செரண்டா, பத்தாங்காலி, ராசா தாண்டி கெர்லிங் போனபோது விடிந்து கொஞ்ச நேரம்தான். அதற்குள் முழங்கால் வலிக்காரர்கள் குளத்தோரம் இடம் பிடித்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, வயது எழுபதுக்கு மேல், தோட்டத்தில் புகைவீட்டு வேலை பார்த்தவர்.

"வெறகு போட்டுப் போட்டே கண்ணு எரிஞ்சிச்சு தம்பி. இந்தத் தண்ணி சும்மாதானே ஓடுது? இதுலயே ஷீட்டைக் காய வெச்சிருக்கலாம்ல?"

நல்ல கேள்வி. வானொலியில் வந்திருந்தால் ஒரு மணி நேர நிகழ்ச்சியே நடத்தியிருப்பேன்.

ரப்பர் ஷீட்டை 50 முதல் 60 டிகிரி சூட்டில் சில நாட்கள் புகையில் வைப்பார்கள். 50 டிகிரி நீரால் காற்றை 60 டிகிரிக்கு ஏற்ற முடியாது. அதைவிடக் குறைவாகத்தான் சூடேறும். பூஞ்சை பிடிக்காமல் காப்பது புகை, அது தண்ணீரில் இல்லை. விறகோ, வெட்டிச் சாய்த்த பழைய ரப்பர் மரம், தோட்டத்திலேயே கிடைத்தது. ஊற்றிலிருந்து தோட்டத்துக்குக் குழாய் போட யார் காசு கொடுப்பார்கள்?

ஆனாலும் அந்தச் சூடு அற்பமல்ல. நொடிக்கு ஒரு லிட்டர் வீதம் வரும் 50 டிகிரி நீர் 30 டிகிரிக்கு ஆறும்போது சுமார் 84 கிலோவாட் வெப்பம் தரும். வீட்டுக் குளியலறை ஹீட்டர்கள் இருபதுக்கு மேல் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம், அதுவும் நாள் முழுக்க.

குளிர்நாட்டில் இதுவே தங்கம். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் 1930-இல் மூன்று கிலோமீட்டர் குழாய் போட்டு ஒரு பள்ளிக்கும் சில பத்து வீடுகளுக்கும் சுடுநீர் கொண்டுபோனார்கள். இன்று அந்த நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குப் பூமிச் சூடுதான் கணப்பு. துளை போடவும் குழாய் பதிக்கவும் முதலிலேயே பெரும்பணம் வேண்டும், அதன்பின் எரிபொருள் செலவு இல்லை. குழாய் நெடுக வீடுகள் நெருங்கி இருந்து, மாதக்கணக்கில் குளிரும் இருந்தால் போட்ட பணம் திரும்பும். நமக்கோ ஏர்கோனுக்குத்தான் பில் ஏறுகிறது.

மின்சாரம் எடுக்கலாமே என்றால், அதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். சபாவில் தாவாவ் பக்கம் தொடங்கிய 30 மெகாவாட் திட்டமே பாதியில் நின்றுபோனது. பேராக் உலு சிலிமில் ஊற்று கொதிநிலையை ஒட்டியே வருகிறது. அங்கும் மக்கள் முட்டைதான் அவிக்கிறார்கள்.

எனக்குப் படுவது, கெர்லிங் மாதிரி இடத்துக்கு உலர்த்தும் தொழில்தான் பொருத்தம். கருவாடு, மூலிகை, வாழைப்பழம் போன்றவற்றுக்கு 40, 45 டிகிரி போதும், வருடம் முழுக்க வேலையும் இருக்கும். ஆனால் கொட்டகை ஊற்றுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குளிக்கும் மக்களுக்கும் இடம் விட வேண்டும். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"கருவாட்டு வாடையில யாரு காலை நனைப்பா?" என்றார்.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பிள்ளைகளை இறக்குமுன் உங்கள் கையை விட்டுப் பாருங்கள்.