வேலை முடியும் இடமே படத்தின் ஓரம்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சாலை வழியே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இந்தச் சிறிய தூரத்துக்குள் நிலம் மாறிக்கொண்டே வருகிறது. தேவனாம்பட்டினத்து மணற்கரையில் தொடங்கி, முதுநகர்த் துறைமுகம், வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை, கிள்ளைக்கு அருகே பிச்சாவரத்து அலையாத்திக் காடு என்று போய், கடைசியில் நடராசர் கோயிலின் நான்கு கோபுரங்களில் வந்து நிற்கிறது. எங்கே பார்த்தாலும் வேலையில் இருக்கும் மனிதர்கள். கேமராவோடு போகிறவருக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்விதான் வருகிறது: ஆளைச் சிறிதாக்கி நிலத்தை விரிப்பதா, கிட்டப்போய் முகத்தை மட்டும் எடுப்பதா, இரண்டுக்கும் நடுவில் நிற்பதா? பெரும்பாலும் எது அழகாக இருக்கிறதோ அதை வைத்தே முடிவு செய்கிறோம். அந்த மனிதர் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்பது என் கட்சி. அவருடைய செயல் எதுவரை நீள்கிறதோ அதுவரை ஃப்ரேம் நீளவேண்டும். அது முடிகிற இடத்தில் ஃப்ரேமும் முடியவேண்டும்.

இதற்கு முதல் சாட்சி சிதம்பரத்துக் கோபுர வாயில்களிலேயே இருக்கிறது. உள்ளே நுழையும்போது இருபுறமும் சுவர்த்தூண்களில் கீழிருந்து மேலாகச் சிறுசிறு கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு கரணம். நாட்டிய சாத்திரம் வகுத்த 108 கரணங்கள் அவை. கையும் காலும் இசைந்து இயங்கினால்தான் கரணம். அதனால் சிற்பி உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை முழு உடலையும் கட்டத்துக்குள் அடக்கியிருக்கிறார். முகத்தைப் பெரிதாக்க நினைத்திருந்தால் பாதம் வெளியே போயிருக்கும், பாதம் போனால் கரணமே போயிருக்கும். வெட்டவெளியைக் காட்ட நினைத்திருந்தால் உருவம் சுருங்கி, விரல் எந்தப் பக்கம் மடங்குகிறது என்பது தெரியாமல் போயிருக்கும். கட்டத்தின் அளவைத் தீர்மானித்தது ஆட்டம்தான். கேமரா வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதிவைத்த காம்போசிஷன் பாடம் இது.

இந்த அளவுகோலோடு பிச்சாவரத்துக்குப் போனால் காட்சி வேறாகத் தெரியும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பரந்த காடு அது. ‘இதயக்கனி’ காலத்திலிருந்தே சினிமாவுக்குப் பழகிய இடம். வருகிறவர்கள் பெரும்பாலும் எடுக்கும் படம் ஒன்றுதான்: சூரியனுக்கு எதிரே கறுத்த நிழலுருவாகப் படகோட்டி, பின்னால் பொன்னிறத் தண்ணீர். அழகான படம், ஆனால் துடுப்பு எப்படிப் பிடிக்கப்படுகிறது என்பதை அந்தக் கறுப்பு விழுங்கிவிடுகிறது. அதே காட்டின் கால்வாய்களில் இருளர் சமூகத்தவர் வெறுங்கையால் இறால் பிடிப்பதைப் பாருங்கள். ஆழம் குறைந்த நீரில் உடலைத் தாழ்த்தி, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுகிறார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார்கள். அகப்பட்ட இறால் கையிலிருந்து நேராக வாயருகே இருக்கும் பறிக்குப் போகிறது. இந்த வேலையின் எல்லை எது? பறியைக் கவ்விய பல், தோள், கலங்கிய தண்ணீர், அந்தச் சேற்றைப் பிடித்து வைத்திருக்கும் அலையாத்தி வேர். இந்த நான்கும் ஒரே ஃப்ரேமில் இருக்கவேண்டும். முகத்தை மட்டும் எடுத்தால் எதையோ கடித்திருக்கும் ஒரு பெண்தான் தெரிவார். காட்டை விரித்தால் தண்ணீரில் ஒரு புள்ளி மிஞ்சும். ஐந்தாறு அடி தொலைவில், தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்து எடுக்கும் படத்தில்தான் ஆளும் நிலமும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

பரந்த நிலத்தில் சிறு உருவம் நின்றால்தானே இயற்கையின் பிரம்மாண்டம் தெரியும் என்று கேட்கலாம். பழைய வாதம்தான். 1858-இல் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரை, தஞ்சாவூர்ப் படங்களில் பெரும்பாலானவற்றில் ஆட்களே இல்லை. அன்றைய நீண்ட எக்ஸ்போஷரில் அசைகிற எதுவும் பதியாது. அடுத்து வந்த சாமுவேல் போர்ன் போன்றவர்கள் ஆட்களை அசையாமல் நிற்கவைத்தார்கள். மலையின் உயரம் தெரிய ஒரு மனித உருவம் உதவியது. ஆனால் அளவு காட்டுவதற்காக நிற்பவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான். அவருக்கும் அந்த நிலத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அந்தப் படம் எதுவும் சொல்வதில்லை. அகன்ற படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீராணம் ஏரிப் பாசனத்து வயலில் பெண்கள் வரிசையாக நடவு நடும்போது அந்த வேலையே அகன்றது: வரிசையின் இரு முனையும், நட்டு முடித்த பச்சையும், நடவேண்டிய சேறும் சேர்ந்தால்தான் அது நடவு. கரைவலை இழுப்பதும் அப்படியே. கயிற்றைப் பிடித்த கைகளிலிருந்து கடலுக்குள் கயிறு போகும் திசை வரை காட்டவேண்டும். அங்கே உருவங்கள் சிறிதாவதற்கு வேலையே காரணமாகிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. மனிதரை மதிப்பது என்றால் முகத்தைக் காட்டுவதுதானே, நிலம் எதற்கு என்பார்கள். அதற்குக் கடலூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28-இல், ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா இங்கே எடுத்த படம் அந்த ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வானது. தரையில் சரிந்து கைகளை விரித்து அழும் ஒரு பெண். படத்தின் ஓரத்தில் இறந்துபோன உறவினரின் கை மட்டும். பேரழிவைக் காட்டக் கடலைச் சேர்த்திருக்கலாம், நொறுங்கிய படகுகளைச் சேர்த்திருக்கலாம். அவை எதுவும் இல்லை. கண்ணீர் வழியும் முகத்துக்கு மட்டும் நெருங்கியிருந்தால் யாருக்காக அழுகிறார் என்பது தெரியாது. அவருடைய துக்கம் அந்தக் கை வரை போகிறது, ஃப்ரேமும் அந்தக் கை வரை போய் நிற்கிறது. அதற்கு அப்பால் இருக்கும் உடலைக் காட்டாததால் இறந்தவரின் கண்ணியமும் காப்பாற்றப்படுகிறது. முகப் படமே கூடாது என்பதில்லை. ஒருவர் நம்மோடு பேசிக்கொண்டிருந்தால், நம்மைப் பார்த்துச் சிரித்தால், அப்போது நடப்பதெல்லாம் அவர் கண்ணுக்கும் நம் கண்ணுக்கும் இடையில்தான். அங்கே முகம் மட்டும் போதும். ஆனால் வேலை செய்கிறவரின் பின்னணியைப் போர்ட்ரெய்ட் மோடில் கலங்கடித்தால், அவர் எந்த ஊர்க்காரராகவும் ஆகிவிடுகிறார்.

கிட்டப்போனால் வேலை கெடும், டெலி லென்ஸில் தூரத்திலிருந்து எடுப்பதே நாகரிகம் என்றும் சிலர் சொல்வார்கள். தூரத்திலிருந்து எடுத்தால் ஆளும் மரமும் ஒரே தட்டில் ஒட்டியதுபோல் தெரியும், இடைவெளி நசுங்கிவிடும். அதைவிடப் பெரிய குறை, கேட்காமல் எடுத்துவிடலாம் என்ற வசதி. “அக்கா, நீங்க வேலை செய்யறத ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடலாம். சரி என்றால் முதலில் நிமிர்ந்து பார்ப்பார்கள், கொஞ்சம் வெட்கப்படுவார்கள். இயல்பு போய்விட்டது என்று அவசரப்படவேண்டாம். இறால் காத்திருக்காது, கை மறுபடி சேற்றுக்குள் போய்விடும். அதன்பிறகு எடுப்பதுதான் படம்.

மூன்றிலொரு பங்கு விதியும் கோணமும் ஒளியும் அவசியம்தான். ஆனால் அவை எதை எங்கே வைக்கலாம் என்றுதான் சொல்லும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லவேண்டியது படத்தில் இருக்கிறவரின் கையும் காலும். இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கைபேசியில் 0.5, 1, 2 என்ற பொத்தான்களைத் தொடுவதற்கு முன், எதிரே இருப்பவர் என்ன செய்கிறார், அது எதுவரை போகிறது என்று நின்று பாருங்கள். எங்கே நிற்கவேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். எடுத்த படத்தை அவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.