கேமராவுக்குத் தனி வைஃபை

பிள்ளைகளே, ஆம்பூர் வீட்டுச் சுவர்கள் கனம். மெஷ் பெட்டி மூன்று வைத்த பிறகுதான் பின்கட்டுக்கு வைஃபை எட்டியது. எட்டுவது வேறு, காப்பது வேறு.

2016இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாத கேமராக்களைப் பிடித்துக்கொண்டது. அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி டைன் நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டரே திணறியது. கேமராக்காரர்களுக்குச் சேதி கூடத் தெரிந்திருக்காது!

டேனரியில் பச்சைத் தோலையும் பினிஷிங் முடிந்த தோலையும் ஒன்றாகவா போடுகிறோம்? என் வீட்டில் கேமராவும் டிவியும் 192.168.20 வரிசையில், பென்ஷன் கணக்குள்ள போன் 192.168.10இல். எண் பிரித்தால் மட்டும் போதாது. போனிலிருந்து கேமராவைப் பார்க்கலாம், கேமரா தானாக இந்தப் பக்கம் வரக்கூடாது என்று ஃபயர்வாலில் விதி போட வேண்டும்.

இவ்வளவு முடியாதவர்கள் கேமராவை கெஸ்ட் வைஃபையில் போடுங்கள். பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். சந்தேகமா? மாலை ஆறுக்கு மேல் கூப்பிடுங்கள்.