பாலைவன ஊரில் நீச்சல் குளத்துக்கு ஹீட்டரா? ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் குளிர் ரகசியம்!

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதே என்று படகுப் போட்டியை ரத்து செய்த ஊர் எதையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கிறது, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்.

ஊரின் குறுக்கே போகும் டாட் ஆறு, வருடத்தின் பெரும்பாலான நாட்களில் வெறும் மணல்தான். அடிப்பாகமே இல்லாத படகுகளை இடுப்பளவில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மணலில் ஓடுவார்கள். அதுதான் போட்டி! 1962-லிருந்து நடக்கிறது. 1993-ல் நிஜமாகவே ஆற்றில் தண்ணீர் ஓட, போட்டி கேன்சல்.

இந்த ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால், எந்தப் பக்கம் போனாலும் சாலை வழியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதனால் பிள்ளைகள் நீச்சல் பழக நம்பியிருப்பது நகராட்சியின் பொது நீச்சல் மையத்தைத்தான்.

பாலைவன ஊர், ஜனவரியில் வெயில் சர்வசாதாரணமாக 36 டிகிரியைத் தாண்டும். இங்கே போய் நீச்சல் குளத்தைச் சூடாக்குவதா என்று தோன்றும். ஆனால், நமக்கு ஆடிக்காற்று அடிக்கும் ஜூலையில் அங்கே குளிர்காலம். பகலில் 20 டிகிரி இருக்கும்; இரவில் சராசரியாக 4 டிகிரிக்கு இறங்கிவிடும். விடிகாலையில் புல் மேல் உறைபனி படிந்திருப்பதும் உண்டு. மேகமில்லாத வானம் என்பதால், பகலில் வாங்கிய சூட்டை நிலமும் நீரும் இரவோடு இரவாகத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. மெக்டானல் மலைத்தொடரில் உள்ள எல்லரி கிரீக் சுனையில் குதிக்கும் சுற்றுலாப் பயணிகள், கோடையில்கூடப் பல் கிடுகிடுக்க வெளியே வருகிறார்கள்.

குளிர் மட்டும் காரணமில்லை. மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? வெளியே கசியும் ஈரம் ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வறண்ட காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஆண்டு மழை 280 மில்லிமீட்டர் அளவுதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால், வருடத்தில் ஆவியாகக்கூடியதோ ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர்! ஆக, மூடாமல் விட்ட நீச்சல் குளம் இங்கே ஒரு பிரமாண்ட மண்பானை. ஒரு லிட்டர் ஆவியானால் போதும், சுமார் 580 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்துவிடும்.

போவது சூடு மட்டுமா? ஊரின் குடிநீரே தெற்கே ரோ கிரீக் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்துதான் வருகிறது. பல ஆயிரம் வருடங்களுக்கு முன் நிலத்தடியில் சேர்ந்த தண்ணீர் அது. எடுக்கும் வேகத்துக்கு அது திரும்ப ஊறுவதில்லை.

2008 முதல் 2013 வரை இங்கே நடந்த 'சோலார் சிட்டி' அரசுத் திட்டத்தில், பொது நீச்சல் மையத்துக்கும் சூரிய வெப்பத்தால் தண்ணீரைச் சூடாக்கும் வசதி வந்தது. சூரியனுக்குத்தான் இங்கே பஞ்சமே இல்லையே!

ஆஸ்திரேலியாவின் பல பொதுக் குளங்களில் இதைச் செய்யும் விதம் ரொம்ப எளிது. கூரையில் கறுப்பு நிற ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பாய் விரிக்கிறார்கள். உள்ளே சின்னச் சின்னக் குழாய்கள். பம்ப் குளத்து நீரை மேலே ஏற்றி, அவற்றின் வழியே ஓடவிட்டு மறுபடி குளத்துக்கே அனுப்புகிறது. வீட்டு சோலார் ஹீட்டர்போல 60 டிகிரி தேவையில்லை. நீச்சலுக்கு 26, 28 போதும். அதனால் கண்ணாடி மூடிக்கு வேலையில்லை, செலவும் குறைவு.

திரும்பி வரும் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பவர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். போன தண்ணீரைவிட இரண்டு, மூன்று டிகிரிதான் கூடியிருக்கும். ரிப்பேர் என்று நினைத்துவிடக் கூடாது. பாய் தகதகவென்று கொதித்தால் சூடு காற்றில்தான் போகும். வேகமாக ஓடும் தண்ணீர், அந்தச் சூட்டை உடனுக்குடன் குளத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

ஆனால், எவ்வளவு பெரிய பாய் விரித்தாலும், ராத்திரி குளத்தின் மேல் போர்வை போர்த்தாவிட்டால் பாதி உழைப்பு வீண். மிதக்கும் பிளாஸ்டிக் விரிப்புதான் அந்தப் போர்வை. அது சூட்டையும் காக்கும், நிலத்தடி நீரையும் காக்கும். பார்க்கப்போனால், சோலாருக்கு முன் வாங்க வேண்டியதே இதைத்தான்!

இருட்டியதும் பம்ப் நின்றுவிட வேண்டும் என்பதும் முக்கியம். கூரையிலும் குளத்திலும் இருக்கும் சென்சார்கள் அதைக் கவனித்துக்கொள்கின்றன. இல்லையென்றால், குளிர்ந்த கூரையில் ஓடும் தண்ணீர் பகல் முழுக்கச் சேர்த்த சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிடும். உச்சிக் கோடையில் குளத்து நீர் வெந்நீராகும்போது, சில இடங்களில் வேண்டுமென்றே இதைச் செய்கிறார்கள். பகலில் பம்ப்புக்கு ஓய்வு; ராத்திரி முழுக்க அதே கறுப்புப் பாய் வழியாகத் தண்ணீரை ஓடவிட்டு, விடிவதற்குள் குளத்தைக் குளிர வைத்துவிடுகிறார்கள்.