ஜன்னல் உள்ள ரூம்

சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குக் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், இரண்டு ராத்திரி ஓடி, பொழுது விடியும் நேரத்தில் நம்மைப் புதுடெல்லியில் இறக்கிவிடும். உடனே குளிக்க வேண்டும், கொஞ்சம் காலை நீட்டிப் படுக்க வேண்டும். ஆனால் டெல்லி ஹோட்டல்களில் பெரும்பாலும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் நாள் பிறக்கிறது. சாவி வாங்கிய நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரம் என்ற நம் ஊர் லாட்ஜ் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடாது. காலை ஏழு மணிக்கு ரூம் எடுத்தால், பன்னிரண்டு அடித்ததும் அடுத்த நாள் வாடகை ஏறிவிடும். நின்று பேசினால் அந்தக் காலை நேரத்தை விட்டுக்கொடுக்கிற மேனேஜர்களும் இருக்கிறார்கள். அதனால் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னாலேயே செக்அவுட் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுவது நல்லது. ரயில்வேயின் ஓய்வறைகளும் உண்டு. கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசியில் பதிவுசெய்யலாம். ஒரு நாள் வேலைக்கு வந்து அன்று ராத்திரியே திரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கிடைப்பதுதான் அபூர்வம்.

டெல்லியில் குறைந்த வாடகைக்கு ரூம் கிடைக்கும், ஏராளமாகவே கிடைக்கும். எதை விட்டுக்கொடுத்து அந்தக் குறைந்த வாடகையை வாங்குகிறோம் என்பதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதுடெல்லி ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல். ஒன்றாம் பிளாட்பாரத்துப் பக்கம் பஹார்கஞ்ச், பதினாறாம் பிளாட்பாரத்துப் பக்கம் அஜ்மேரி கேட். மெட்ரோ அஜ்மேரி கேட் பக்கம், சின்ன ஹோட்டல்கள் எல்லாம் பஹார்கஞ்ச் பக்கம். பெட்டியோடு வெளியே வந்ததும் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். நாம் பதிவுசெய்திருக்கும் ஹோட்டலின் பெயரைச் சொன்னால், அது மூடிவிட்டது, அந்த ரோடு அடைத்திருக்கிறது, அங்கே போலீஸ் ரெய்டு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சிலர் தங்கள் போனிலேயே ‘ஹோட்டல்காரரை’ அழைத்து நம் காதில் வைப்பார்கள். அந்தப் போனை வாங்கக் கூடாது. நம் போனிலிருந்து, நாம் குறித்துவைத்திருக்கும் எண்ணுக்குத்தான் பேச வேண்டும். ஆட்டோ வேண்டுமென்றால் டிராஃபிக் போலீஸின் ப்ரீபெய்ட் பூத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறலாம்.

பஹார்கஞ்ச் என்றால் எல்லோரும் மெயின் பஜாரைத்தான் சொல்வார்கள். ஸ்டேஷன் எதிரில் தொடங்கி ராமகிருஷ்ணா ஆசிரமம் மெட்ரோ பக்கம் வரை போகும் அந்த நெரிசல் தெருவைவிட, வடக்கே ராம் நகரில் இருக்கும் அரகஷான் ரோடு எனக்குத் தோதாகப்பட்டது. தெரு முழுக்க ஹோட்டல்தான், ஒன்றின் சுவரும் அடுத்ததன் சுவரும் ஒட்டிக்கொண்டு நிற்கும். போட்டி அதிகம் என்பதால் பேரம் படியும். நான் தங்கிய காலங்களில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ கொடுத்தால் குளியலறையோடு சேர்ந்த ரூம் கிடைத்தது.

அப்படி ஒரு ஹோட்டலில் ரூம் காட்ட ஒரு பையன் என்னை மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போனான். கதவு பாதி திறந்ததும் கட்டிலில் இடித்து நின்றது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பெட்டியை நிற்கவைக்கலாம், படுக்கவைத்துத் திறக்க முடியாது. விரிப்பு வெள்ளையாக இருந்தது. கீசரைப் போட்டுக் காட்டினான், சிவப்பு விளக்கு எரிந்தது. எதிர்ச் சுவரில் கனமான மரூன் திரை தொங்கியது. விலக்கிப் பார்த்தேன். கண்ணாடி இருந்தது, அதற்கு அந்தப் பக்கம் வராந்தாவின் ட்யூப்லைட் தெரிந்தது. அந்த ரூமுக்குள் வெளிக்காற்று வர வழியே இல்லை.

“ஜன்னல் இருக்கிற ரூம் கிடையாதா?” என்று கேட்டேன்.

“இருக்கு ஜி. முன்னூறு ரூபாய் ஜாஸ்தி.”

தெருப்பக்கத்து ரூமைத் திறந்து காட்டினான். அங்கே ஜன்னலைத் தள்ளினால் திறந்தது. கீழே பராத்தா போடுகிற கல்லின் ஓசை, கண்ணுக்கு நேரே கறுப்புக் கேபிள்களின் கொத்து, எதிர் ஹோட்டல் மொட்டைமாடியில் காயும் விரிப்புகள். முன்னூறைக் கொடுத்து அந்த ரூமையே எடுத்தேன். இன்றுவரை இந்த ஒரு விஷயத்தில் நான் பேரம் பேசுவதில்லை.

காரணம் கரோல் பாக். 2019 பிப்ரவரி 12 விடியற்காலையில், அங்கே அர்பித் பேலஸ் என்ற ஹோட்டலில் தீப்பிடித்து 17 பேர் இறந்துபோனார்கள். கேரளத்திலிருந்து கல்யாணத்துக்காக வந்து தங்கியிருந்த ஒரு குடும்பத்தில் மூன்று பேரை அந்தத் தீ கொண்டுபோயிற்று. தாழ்வாரங்களில் அழகுக்குப் பதித்திருந்த மரப்பலகைகளைப் பிடித்துக்கொண்டு தீ பரவியது. பலரைக் கொன்றது புகை. அது இருப்பதிலேயே விலை குறைந்த ஹோட்டலும் அல்ல, குடும்பத்தோடு வருகிறவர்கள் நம்பித் தங்குகிற நடுத்தர ஹோட்டல்தான். அதிலிருந்து எந்த ஊரில் தங்கினாலும் மூன்று காரியம் பார்க்கிறேன்: ஜன்னல் வெளியே திறக்கிறதா, இரண்டாவது படிக்கட்டு எங்கே, அந்தப் படிக்கட்டில் பழைய மெத்தைகளையும் காலி சிலிண்டர்களையும் அடுக்கிப் பூட்டியிருக்கிறார்களா. ரிசப்ஷனில் இதைக் கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

கரோல் பாகுக்கும் தமிழர்களுக்கும் பழக்கம் நீண்டது. மத்திய அரசு வேலைக்கு வந்த நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இடம் அது. இன்று அதை ஒட்டிய பழைய ராஜிந்தர் நகரில் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்க்கலாம். அறையை ப்ளைவுட் தட்டியால் இரண்டாகத் தடுத்து, இரண்டுக்கும் தனித்தனியாக வாடகை வாங்குகிறார்கள். வாடகையே பெரும்பாலான பணத்தைத் தின்றுவிடுவதால் வெளிச்சமும் காற்றும் இல்லாத மூலைகளுக்குப் பிள்ளைகள் போய்ச் சேர்கிறார்கள். 2024 ஜூலை 27 அன்று பெய்த மழையில், அங்கே ஒரு பயிற்சி மையத்தின் நிலவறை நூலகத்துக்குள் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். படிக்க இடமில்லாமல் தரைக்குக் கீழே போய் உட்கார்ந்த பிள்ளைகள். மகனையோ மகளையோ அங்கே அனுப்புகிற பெற்றோர் வாடகையை மட்டும் கேட்காமல், ஒருமுறை போய் ரூமையும் படிக்கிற இடத்தையும் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும்.

வாடகை காலத்துக்குக் காலம் மாறும். நவம்பர் 14 முதல் இரண்டு வாரம் பிரகதி மைதானத்தில் நடக்கும் வர்த்தகக் கண்காட்சிக்கு நாடு முழுவதிலிருந்தும் வியாபாரிகள் வந்து இறங்குவார்கள். ஜனவரி கடைசியில் குடியரசு தினக் கெடுபிடி. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயில் எட்டு மணி நேரம் தாமதமானால், பதிவுசெய்த ரூமின் பாதி நாள் ரயிலிலேயே கழிந்துவிடும். மே, ஜூனில் வாடகை இறங்கும், ஆனால் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் ரூமை யாரும் எடுக்க வேண்டாம். பகலெல்லாம் சுட்ட கான்கிரீட் ராத்திரி இரண்டு மணி வரை அனலைக் கக்கும். செயலியில் பார்க்கிற விலையோடு வரியும் சேரும். ஆயிரம் ரூபாய்க்குக் கீழான ரூமுக்கு முன்பு ஜிஎஸ்டி கிடையாது, 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

இலங்கை, மலேசியா, கனடா பாஸ்போர்ட்டோடு வரும் தமிழர்களுக்கு இன்னொரு சிக்கல். வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசிடம் பதிய வேண்டும். அந்தப் பதிவு வசதி வைத்துக்கொள்ளாத சின்ன ஹோட்டல்கள், முன்பணம் கட்டியிருந்தாலும் ராத்திரி பதினொரு மணிக்குக் கைவிரித்துவிடும். வருவதற்கு முன்னால் போன் செய்து கேட்டுக்கொள்வது ஒன்றே வழி.

ஹோட்டலைத் தவிரவும் டெல்லியில் தங்க இடங்கள் உண்டு. ஜன்பத்தில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு வேலையாக வந்தபோதெல்லாம் எனக்கு அங்கே நடந்துபோகிற தூரம் முக்கியமாக இருந்தது. ஜெய்சிங் ரோட்டில் இருக்கும் ஒய்எம்சிஏ விடுதி விலையில் பஹார்கஞ்சைவிடக் கூடுதல்தான், ஆனால் ஆட்டோ செலவு மிச்சம். பக்கத்திலேயே பங்களா சாஹிப் குருத்வாரா. அங்கே தலையை மூடிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தால் யார் என்ன என்று கேட்காமல் ரொட்டியும் பருப்பும் போடுகிறார்கள். யாத்ரீகர்கள் தங்கச் சராயும் வைத்திருக்கிறார்கள். ஆர்.கே.புரத்தில், 1946இல் தொடங்கிய டெல்லித் தமிழ்ச் சங்கத்திலும் தங்கும் அறைகள் உண்டு. அங்கிருந்து 1973இல் குடமுழுக்கு கண்ட மலை மந்திர் பக்கம்தான். சங்கத்து அறைகள் மிகச் சில, கேட்பவர்கள் மிகப் பலர். சாணக்யபுரித் தமிழ்நாடு இல்லத்தில் அமைச்சர்களுக்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும் அதிகாரிகளுக்கும்தான் முன்னுரிமை. 2017இல் அய்யாக்கண்ணு தலைமையில் வந்த நம் விவசாயிகள் 41 நாள் ஜந்தர் மந்தரில் போராடியபோது நடைபாதையில்தான் படுத்தார்கள்.

ஒரு மார்கழிக் காலையில் எய்ம்ஸ் மெட்ரோ வாசலில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். மன்னார்குடிப் பக்கம். இருபது வயது மகனுக்குச் சிறுநீரகப் பிரச்சினை, சென்னையில் யாரோ எய்ம்ஸுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்க் குரல் கேட்டதும் என்னை நிறுத்தினார்.

“தம்பி, இங்க பக்கத்துல ஒரு நாள் வாடகைக்கு ரூம் எங்க கிடைக்கும்? பஹார்கஞ்சுல தங்கியிருக்கோம். புள்ளைக்குப் படி ஏற முடியல. விடியக்காலம் லைனுக்கு வரணும்னா நாலு மணிக்கே கெளம்ப வேண்டியிருக்கு.”

“டாக்டர் சீட்டு இருக்காம்மா?”

கட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினார். எய்ம்ஸ் வளாகத்தில் நோயாளிகளுக்கான தர்மசாலாக்கள் இருக்கின்றன. விபத்துச் சிகிச்சை மையத்தின் பக்கம் பவர் கிரிட் கட்டிக்கொடுத்த விஷ்ராம் சதனும் இருக்கிறது. சேர்வதற்கு மருத்துவமனையின் பரிந்துரை வேண்டும். அவர் சமூகநலப் பிரிவு எங்கே என்று இந்தியில் கேட்கத் தெரியாமல் அலைந்திருக்கிறார். கூடப் போனேன். அன்று இடமில்லை, பெயரை எழுதிக்கொண்டார்கள். பிறகு கௌதம் நகர் சந்துகளில் விசாரித்து, நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் தரைத்தள அறை பிடித்தோம். ஜன்னல் இருந்தது, பொதுச் சமையலறையும் இருந்தது. பஹார்கஞ்ச் ரூமைவிட நூறு ரூபாய் கூடுதல், ஆனால் மருத்துவமனைக்குப் பத்து நிமிட நடை. உப்பில்லாத சாப்பாட்டைத் தன் கையாலேயே ஆக்கிப்போடலாம் என்பதில்தான் அந்த அம்மாவுக்கு நிம்மதி. அந்தப் பகுதியின் நடைபாதைகளிலும் சுரங்கப்பாதைகளிலும் குளிரில் படுத்துக் கிடப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நிம்மதி புரியும்.

நாம் சத்திரம் கட்டத் தெரியாத ஜனங்கள் இல்லை. மதுரை ஸ்டேஷன் எதிரில் மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. தஞ்சை மராத்திய அரசர்கள் ராமேசுவரம் போகும் பாதை நெடுக சத்திரங்கள் கட்டினார்கள். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் எழுந்தது. இன்றும் அங்கே போகிறவர்களுக்குப் படுக்க இடமும் நம் சாப்பாடும் கிடைக்கின்றன. டெல்லியிலும் அப்படி ஒன்று இருந்ததுதான். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா சாந்தினி சவுக்கில் கட்டிய பெரிய சராயை 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் இடித்துவிட்டு, அந்த இடத்தில் டவுன்ஹால் கட்டினார்கள். காசிக்குப் போகிறவர்களுக்கு அன்று இருந்த தேவை, இன்று எய்ம்ஸுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் ஷாஜஹான் ரோடு தேர்வாணையத்துக்கும் போகிறவர்களுக்கு இருக்கிறது. இவர்களில் யாரும் ஊர் சுற்ற வந்தவர்கள் இல்லை.

தமிழ்நாடு அரசோ, வசதியுள்ள நம்மவர்களோ எய்ம்ஸிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒன்று கட்டட்டும். பளிங்குத் தரை வேண்டாம், திறப்புவிழாக் கல்வெட்டு சின்னதாக இருந்தால் போதும். நூறு கட்டில், மாடிக்கொரு சமையல் மேடை, ஸ்ட்ரெச்சர் நுழைகிற லிஃப்ட், தடையில்லாத இரண்டு படிக்கட்டுகள், எல்லா ரூமுக்கும் வெளியே திறக்கிற ஜன்னல். காலை நாலு மணிக்கு வாசலில் ஒரு வேன். ரிசப்ஷனில் தமிழும் இந்தியும் தெரிந்த ஒருவர், மருத்துவமனைச் சீட்டை வாங்கிப் படித்து எந்தக் கவுன்ட்டர், எந்த மாடி என்று எழுதிக் கொடுக்க.